டிவி வாங்கும்போது 120 ஹெர்ட்ஸுக்குக் கூடுதல் பணம் தரலாமா?

டிவி கடையில் விலைச்சீட்டுகளைப் படித்தபடி நடந்தால் இந்தக் குழப்பம் கட்டாயம் வரும். இரண்டும் 55 அங்குலம், இரண்டும் 4கே, தள்ளி நின்று பார்த்தால் இரண்டும் ஒரே டிவிதான். ஆனால் ஒன்றில் 60 ஹெர்ட்ஸ் என்றும் இன்னொன்றில் 120 ஹெர்ட்ஸ் என்றும் போட்டிருக்கும். விலையும் நன்றாகவே ஏறியிருக்கும். ஏன் என்று கேட்டால், "120னா டபுள் ஸ்மூத் சார், கிரிக்கெட் பார்த்தீங்கனா உங்களுக்கே தெரியும்" என்பார் விற்பனையாளர். அவர் பொய் சொல்கிறார் என்று சொல்ல முடியாது. கடையில் ஓடும் டெமோ வீடியோவில் வித்தியாசம் தெரியத்தான் செய்யும். அது 120 ஹெர்ட்ஸ் பேனலால் வருகிறதா, வேறு எதனாலாவது வருகிறதா, உங்கள் வீட்டுச் சுவரில் மாட்டிய பிறகும் இருக்குமா? பார்க்க வேண்டியது அதைத்தான்.

ஃப்ரேம் வேறு, ரெஃப்ரெஷ் வேறு

திரையில் ஓடும் படம் உண்மையில் ஓடுவதில்லை. அசையாத படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேகமாக வந்து போகின்றன. அசைவாகச் சேர்த்துக்கொள்வது நம் கண்ணும் மூளையும்தான். அந்த ஒவ்வொரு படமும் ஒரு ஃப்ரேம். நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்பதை முடிவு செய்பவர் படம் எடுத்தவர். ஒரு காட்சியை நொடிக்கு 24 ஃப்ரேமில் எடுத்துவிட்டால் அதில் 24தான் இருக்கும். பிறகு யார் எந்த டிவியில் போட்டுப் பார்த்தாலும் 25-வது படம் வரப்போவதில்லை.

ரெஃப்ரெஷ் ரேட் என்பது டிவியின் கணக்கு. பேனல் நொடிக்கு எத்தனை முறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது என்பதே அது. 60 ஹெர்ட்ஸ் என்றால் 60 முறை, 120 ஹெர்ட்ஸ் என்றால் 120 முறை. புதிதாகக் காட்ட ஃப்ரேம் இல்லாவிட்டால் பேனல் என்ன செய்யும்? பழைய ஃப்ரேமையே திரும்பக் காட்டும்.

இந்த இரண்டு கணக்கும் வேறு வேறு என்பது டிவி காலத்துக்கும் முந்தைய சங்கதி. மௌனப் படங்கள் பல வேகங்களில் எடுக்கப்பட்டு, பல வேகங்களில் ஓட்டப்பட்டன. 1920-களின் கடைசியில் பேசும் படம் வந்ததும், வேகம் மாறினால் குரலும் மாறிவிடும் என்பதால் நொடிக்கு 24 ஃப்ரேம் என்று நிலைத்தது. ஆனால் நொடிக்கு 24 முறை மட்டும் வெளிச்சம் அடித்தால் திரை கண்ணைக் கூசும்படி மினுக்கும். அதனால் தியேட்டர் புரொஜெக்டரில் சுழலும் ஷட்டர், ஒரே ஃப்ரேமை இரண்டு முறை, சில இயந்திரங்களில் மூன்று முறை, மறைத்து மறைத்துக் காட்டியது. திரையில் வெளிச்சம் விழுந்தது நொடிக்கு 48 அல்லது 72 முறை. படத்தில் இருந்ததோ அதே 24. மினுக்கல் குறைந்தது, அசைவு கூடவில்லை. 120 ஹெர்ட்ஸ் டிவியில் 24 ஃப்ரேம் சினிமா பார்ப்பதும் ஏறக்குறைய இதே கதைதான்.

அப்படியானால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி டிவியைப் பற்றியது அல்ல. உங்கள் டிவிக்குள் என்ன போகிறது?

நம் வீட்டு டிவிக்குள் போவது

இணையத்தில் இதைப் பற்றி இருக்கும் ஆங்கில விளக்கங்களில் பாதிக்கு மேல் அமெரிக்காவை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், அதனால் பழைய டிவி ஒளிபரப்பும் 60-ஐ ஒட்டி அமைந்தது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஐரோப்பாவில் உருவான பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையை நாம் எடுத்துக்கொண்டதால் நம் ஒளிபரப்பும் 50-ஐ ஒட்டியது. 1982-ல் தூர்தர்ஷன் கலருக்கு மாறியபோதும் அதுதான், இன்றைய எச்டி சேனல்களிலும் அதுதான். நொடிக்கு 25 முழுப் படம். ஒவ்வொன்றும் ஒற்றைப்படை வரிகள் தனியாகவும் இரட்டைப்படை வரிகள் தனியாகவும் இரண்டு பாதிகளாக வரும். ஆக நொடிக்கு 50 பாதிப் படங்கள். அவற்றை ஒட்டி 50 முழுப் படங்களாக்கித் தருவது உங்கள் டிவியின் அல்லது செட்டாப் பாக்ஸின் வேலை. இந்த ஒட்டு வேலையைச் சரியாகச் செய்யாத டிவியில் மைதானக் கோடுகளின் ஓரம் சீப்புப் பல்லாகத் தெரியும். அங்கே 120 ஹெர்ட்ஸ் இருந்தும் பயனில்லை.

ஓடிடியில் வரும் சினிமாக்கள் பெரும்பாலும் 24 ஃப்ரேம். வெப் சீரிஸ்கள் 24 அல்லது 25. யூடியூப் அதிகபட்சம் 60 வரை தரும். சமையல், பேட்டி, செய்தி வீடியோக்களில் பெரும்பாலானவை 25 அல்லது 30-ல் நிற்கும். போனில் நீங்கள் எடுத்த கல்யாண வீடியோ 30 அல்லது 60. டிவி சேனலில் போடும் சினிமா வேடிக்கையானது. 24-ஐ 25 ஆக்கினால் கணக்கு நேராகிவிடும் என்பதால், 50 ஹெர்ட்ஸ் நாடுகளில் படத்தை நான்கு சதவீதம் வேகமாக ஓட்டிவிடும் வழக்கம் உண்டு. அப்படி ஓட்டினால் இரண்டரை மணி நேரப் படம் ஆறு நிமிடம் முன்னதாக முடிந்துவிடும்.

இந்தப் பட்டியலில் 120 எங்கே? இல்லவே இல்லை. நொடிக்கு 120 ஃப்ரேம் கொடுக்கக்கூடிய ஒரே பொருள், வீட்டில் இருந்தால், கேம் கன்சோலோ கேமிங் கம்ப்யூட்டரோதான்.

கிரிக்கெட்டைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம், ஏனென்றால் அதிகம் ஏமாறும் இடம் அதுதான். ஒரு வேகப்பந்து மணிக்கு 140 கிலோமீட்டரில் கிளம்புகிறது. நொடிக்குச் சுமார் 39 மீட்டர். பந்து பவுலரின் கையை விட்டு பேட்டைத் தொட ஏறக்குறைய அரை நொடி. ஒளிபரப்பில் நொடிக்கு 50 படம் என்றால் அந்தப் பந்தின் முழுப் பயணமும் 25 படங்களுக்குள் முடிந்துவிடுகிறது. கிளம்பும் வேகத்தில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் பந்து முக்கால் மீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும். அந்த இடைவெளியில் பந்து எங்கே இருந்தது என்ற தகவல் ஒளிபரப்பிலேயே கிடையாது. 60 ஹெர்ட்ஸ் டிவியிலும் அந்த 25 படம்தான், 120 ஹெர்ட்ஸ் டிவியிலும் அதே 25 படம்தான். பேனல் ஒவ்வொன்றையும் கூடுதல் முறை காட்டும், அவ்வளவே. ஸ்லோ மோஷன் ரீப்ளேயில் பந்தின் தையல் சுழல்வது தெரிகிறதே என்றால், அது நொடிக்கு நூற்றுக்கணக்கான ஃப்ரேம் எடுக்கும் தனி கேமரா. அதையும் மெதுவாக்கி, அதே 50-க்குள் வைத்துத்தான் நமக்கு அனுப்புகிறார்கள்.

அப்போ கடையில் தெரிந்தது என்ன?

எம்இஎம்சி. சாம்சங்கில் பிக்சர் கிளாரிட்டி, எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ என்று பெயர் மாறும், வேலை ஒன்றுதான். டிவிக்குள் இருக்கும் சிப், அடுத்தடுத்த இரண்டு ஃப்ரேம்களை ஒப்பிட்டு, எந்தப் பொருள் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்று ஊகித்து, நடுவில் இருந்திருக்கக்கூடிய ஃப்ரேமைத் தானே வரைந்து செருகுகிறது. 25-ஐ 50 ஆக்கும், 50-ஐ 100 ஆக்கும். இதற்கு 120 ஹெர்ட்ஸ் பேனல் கட்டாயம் என்றும் இல்லை. 24 அல்லது 30 ஃப்ரேமை 60 வரை உயர்த்துவதை 60 ஹெர்ட்ஸ் டிவியும் செய்யும், பட்ஜெட் டிவிகளின் அட்டைப்பெட்டியிலேயே எம்இஎம்சி என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். 120 ஹெர்ட்ஸ் பேனலில் செருகுவதற்கு இடம் அதிகம், அவ்வளவுதான்.

கேமரா மெதுவாக மைதானத்தைச் சுற்றி வரும்போது இந்த வித்தை நன்றாகவே வேலை செய்யும். சிக்கல் வேகமான, சிறிய பொருள்களில். மேலே சொன்ன பந்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு படத்தில் இங்கே ஒரு வெள்ளைப் புள்ளி, அடுத்ததில் வெகுதூரம் தள்ளி ஒரு வெள்ளைப் புள்ளி. இரண்டும் ஒன்றுதானா என்று சிப்புக்குத் தெரியாது. ஊகம் தப்பினால் பந்து ஒரு கணம் காணாமல் போகும், அல்லது இரண்டாகத் தெரியும். பேட்டைச் சுற்றி ஆவி போல ஒரு விளிம்பு ஓடும். கூட்டத்துக்கு முன்னால் ஃபீல்டர் ஓடினால் அவர் காலடியில் மட்டும் பின்னணி நெளியும். இதை ஒருமுறை கவனித்துவிட்டால் அப்புறம் கண் அதையே தேடும்.

சினிமாவில் தொந்தரவு வேறு மாதிரி. பல கோடி செலவில் எடுத்த காட்சி, பக்கத்து வீட்டில் ஓடும் மெகா சீரியல் போல ஆகிவிடும். சீரியல்களும் செய்தியும் ஆண்டாண்டு காலமாக நொடிக்கு 50 பாதிப் படங்களில் வந்ததால் அந்த வழவழப்பான அசைவை நாம் டிவி நிகழ்ச்சியோடு சேர்த்தே பழகிவிட்டோம். 24 ஃப்ரேமின் லேசான தடுமாற்றம்தான் நமக்கு சினிமா. இது நம் ஊர் மனக்குறை மட்டுமல்ல. 2018 டிசம்பரில் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் சேர்ந்து ஒரு வீடியோ வெளியிட்டு, படம் பார்க்கும்போது தயவுசெய்து இந்த வசதியை அணைத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். அடுத்த வருடம், 2019-ல், டிவி கம்பெனிகளும் சினிமா ஸ்டுடியோக்களும் சேர்ந்த யுஎச்டி அலையன்ஸ் என்ற அமைப்பு ஃபிலிம்மேக்கர் மோட் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. உங்கள் டிவியின் பிக்சர் மோடில் அது இருந்தால் ஒரே பட்டனில் இந்தச் செருகல் வேலை நின்றுவிடும். இல்லாவிட்டால் பிக்சர் செட்டிங்ஸுக்குள் போய்த் தேடி அணைக்க வேண்டும். புது டிவி வந்த அன்றைக்கே செய்யலாம். பலர் வருடக்கணக்கில் அதோடேயே படம் பார்க்கிறார்கள்.

கடையில் டெமோ வீடியோ பெரும்பாலும் நொடிக்கு 60 ஃப்ரேமில் எடுத்த மயில், அருவி, சாக்லேட் குழம்பு. கூடவே எம்இஎம்சி முழு வேகத்தில், வெளிச்சம் உச்சத்தில். வீட்டில் ஓடப்போவதோ ராத்திரி எட்டு மணிச் செய்தி.

120-க்கு உண்மையான பயன் உள்ள இடங்கள்

இவ்வளவு சொன்னதால் 120 வெறும் விளம்பரம் என்று நினைத்துவிட வேண்டாம். சினிமாவில் அதற்கு நேர்மையான ஒரு பயன் இருக்கிறது. 24 ஃப்ரேமை 60 முறை புதுப்பிக்கும் பேனலில் எப்படிப் பங்கிடுவது? 60-ஐ 24-ஆல் வகுத்தால் இரண்டரை. பாதி முறை காட்ட முடியாது. அதனால் ஒரு ஃப்ரேமை இரண்டு முறையும் அடுத்ததை மூன்று முறையும் மாற்றி மாற்றிக் காட்டுவார்கள். ஒன்று 33 மில்லிநொடி நிற்கும், அடுத்தது 50 மில்லிநொடி நிற்கும். ஒரு படி குட்டையாகவும் ஒரு படி உயரமாகவும் கட்டிய மாடியில் இறங்குவது போல, கண்ணுக்கு ஒரு சின்ன இடறல். சண்டைக் காட்சியில் தெரியாது. கேமரா ஊர்க் கோபுரத்தை மெதுவாகச் சுற்றும்போது தெரியும். படம் முடிந்து பெயர்கள் மேலே ஏறும்போது நன்றாகத் தெரியும். 120-ல் இந்தத் தொல்லை இல்லை. ஒவ்வொரு ஃப்ரேமும் சரியாக ஐந்து முறை, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 42 மில்லிநொடி.

ஆனால் இதிலும் ஒரு கிளைக் கதை உண்டு. நல்ல 60 ஹெர்ட்ஸ் டிவிகள் பல, உள்ளே வருவது 24 என்று கண்டுபிடித்தால் பேனலை 48-க்கு மாற்றிக்கொண்டு ஒவ்வொன்றையும் இரண்டு முறை சமமாகக் காட்டிவிடும். அப்படிப்பட்ட டிவியில் 120 இல்லாமலேயே இடறல் போய்விடும். இன்னொன்று, 24 ஃப்ரேமுக்கே உரிய திக்கல் என்று ஒன்று இருக்கிறது. அதை எந்தப் பேனலும் போக்காது. ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் ஓலெட் டிவிகளில் பிக்சல் சட்டென்று மாறிவிடுவதால் அது இன்னும் கொஞ்சம் துலக்கமாகவே தெரியும். விலை அதிகம் கொடுத்து ஓலெட் வாங்கியவர்கள் படம் விட்டு விட்டு ஓடுகிறது என்று புலம்புவது இதனால்தான்.

அடுத்து நம் ஊர்க் கணக்கான 50. இதில் 120-ஐ நம்பிப் போனால் ஏமாற்றம்தான். செட்டாப் பாக்ஸிலிருந்து நேராக 50 வந்தால் பெரும்பாலான டிவிகள், 60 ஹெர்ட்ஸ் என்று எழுதியிருப்பவையும்கூட, பேனலை 50-க்கு இறக்கிக்கொள்ளும். 120 பேனல் 100-க்கு இறங்கும். இரண்டிலும் அசைவு சீராகவே இருக்கும். தகராறு வருவது ஆப்பிலும் ஸ்ட்ரீமிங் குச்சியிலும். பல நேரம் இவை எது ஓடினாலும் 60 என்றே வெளியே அனுப்பும். 50 ஃப்ரேமை 60-ல் நிரப்ப, நொடிக்குப் பத்து ஃப்ரேமை இரட்டிக்க வேண்டும். நொடிக்குப் பத்து சின்ன முட்டுகள்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு செய்தி சேனலை செட்டாப் பாக்ஸில் வைத்து, கீழே ஓடும் செய்தி வரியை மட்டும் பாருங்கள். எழுத்துகள் வழுக்கிக்கொண்டு போகும். அதே சேனலை ஆப்பில் வைத்துப் பாருங்கள். பல டிவிகளில் அந்த வரி விட்டு விட்டு இழுத்துக்கொண்டு போவது தெரியும். ஆப்பில் அந்த சேனல் 25 ஃப்ரேமாகவே வந்தாலும் இப்படித்தான் இருக்கும். வரும் ஃப்ரேமுக்கு ஏற்ப வெளியீட்டை மாற்றும் வசதி ஃபயர் டிவி, ஆப்பிள் டிவி, புதிய ஆண்ட்ராய்டு டிவிகளில் செட்டிங்ஸுக்குள் இருக்கிறது. ஆப்பும் ஒத்துழைக்க வேண்டும், எல்லா ஆப்பும் ஒத்துழைப்பதில்லை. 120-ல் வைத்தால் சரியாகிவிடுமா? 120-ஐ 50-ஆலும் வகுக்க முடியாது. முட்டு சிறியதாகும், போகாது. ஐபிஎல் பார்க்க 120 வாங்குகிறேன் என்பவர் முதலில் இந்த செட்டிங்கைத் தேடினால் பணம் மிச்சம்.

பிறகு மங்கல். ஓடும் ஃபீல்டர் கலங்கலாகத் தெரிவதற்கு ஒரு காரணம், கேமராவின் ஷட்டர் திறந்திருக்கும்போதே அவர் நகர்ந்துவிடுவது. அதை டிவியால் ஒன்றும் செய்ய முடியாது. இன்னொரு காரணம் டிவி. எல்சிடியும் ஓலெட்டும் ஒரு ஃப்ரேமை அடுத்தது வரும்வரை அப்படியே பிடித்து வைத்திருக்கும். நம் கண்ணோ நிற்காமல் அந்த ஃபீல்டரைத் தொடர்ந்து நகர்கிறது. படம் நிற்க, கண் நகர, விழித்திரையில் அது இழுபடும். 55 அங்குலத் திரையை ஒருவர் இரண்டு நொடியில் கடக்கிறார் என்று வைத்துக்கொண்டால், 50 ஃப்ரேமில் இந்த இழுபறி சுமார் 1.2 சென்டிமீட்டர். ஃப்ரேம் நூறாக உயர்ந்தால் பாதியாகும். ஒரே ஃப்ரேமைத் திரும்பத் திரும்பக் காட்டினால் துளியும் குறையாது. பழைய குண்டு டிவியில் இந்த மங்கல் இல்லை, ஏனென்றால் அதில் படம் ஒரு கணம் மின்னி மறைந்துவிடும். இன்றைய டிவிகளில் சிலவற்றில் ஃப்ரேம்களுக்கு நடுவே கறுப்புத் திரை செருகி அதையே நடிக்க வைக்கலாம். வெளிச்சம் குறையும், 50-ல் மினுக்கலும் தெரியும். எனக்கு அது ஐந்து நிமிடத்தில் தலைவலி.

மலிவான எல்சிடிகளில் பிக்சல் நிறம் மாறவே நேரம் எடுப்பதால் இருட்டுக் காட்சியில் நிழல் வால் போல இழுக்கும். அது பேனலின் தரம்; ஹெர்ட்ஸ் எண்ணைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

"என் போன் 120 ஹெர்ட்ஸ், அதை 60-ல் போட்டால் மட்டமாக இருக்கிறதே, டிவியிலும் அப்படித்தானே?" என்று கேட்பவர்கள் நிறைய. போனில் நீங்கள் விரலால் தள்ளும் பக்கத்தை போனே வரைகிறது. நொடிக்கு 120 புது ஃப்ரேம் உண்மையிலேயே உருவாகிறது, அதுவும் உங்கள் விரலுக்கு அடியில். டிவி வேறு யாரோ எப்போதோ எடுத்த ஃப்ரேம்களைக் காட்டுகிறது. அதே போனில் ஒரு சினிமாவைப் போட்டுப் பாருங்கள், 60-க்கும் 120-க்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கப் பெரிய பாடு படுவீர்கள்.

கேம் விளையாடும் வீடு

இங்கே மட்டும் கதை தலைகீழ். கேமில் ஃப்ரேம் அந்த நொடியிலேயே உருவாகிறது, எனவே எண்ணிக்கை கூடக் கூட அசைவும் உண்மையாகவே கூடும். 2020 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டும் நொடிக்கு 120 ஃப்ரேம் வரை அனுப்பும். எல்லா கேமும் அல்ல. கதை சொல்லும் பெரிய கேம்கள் பல 30 அல்லது 60-லேயே ஓடும், சுடுவதும் பந்தயமும் உள்ள கேம்களில் சிலதான் 120 தரும். 60-ல் ஒரு ஃப்ரேம் 16.7 மில்லிநொடி நிற்கும், 120-ல் 8.3. பட்டனை அழுத்தியதற்கும் திரையில் நடப்பதற்கும் இடையிலான தாமதமும் அதற்கேற்பக் குறையும். ஆன்லைனில் எதிராளியோடு மோதும் பையனுக்கு அது தெரியும். உங்களுக்குத் தெரியாவிட்டாலும் அவன் சொல்வதை நம்பலாம்.

120 ஃப்ரேம் ஓடாத கேமிலும் 120 பேனலுக்கு ஒரு மறைமுகப் பயன் உண்டு. அழகான கிராஃபிக்ஸும் வேண்டும், 30-ன் திக்கலும் வேண்டாம் என்று சில கேம்களில் 40 ஃப்ரேம் முறை வைக்கிறார்கள். 40, 60-க்குள் சமமாக அடங்காது. 120-க்குள் மூன்று முறை அடங்கும். கேட்க 30-க்கும் 40-க்கும் பத்துதான் வித்தியாசம். நேரக் கணக்கில் பார்த்தால் 33-லிருந்து 25 மில்லிநொடிக்கு வந்துவிடுகிறோம், 60-ன் 16.7-க்கு அது சரியாகப் பாதி வழி. அப்புறம் விஆர்ஆர் என்ற வசதி, கேம் தடுமாறும்போது பேனலும் கூடவே தன் வேகத்தை மாற்றிக்கொள்வது. 60 ஹெர்ட்ஸ் டிவியில் அது இருந்தாலும் பெரும்பாலும் 48-க்கும் 60-க்கும் நடுவில்தான் அசைய இடம். 120-ல் மூச்சுவிட இடம் இருக்கிறது, 48-க்குக் கீழே விழுந்தாலும் ஃப்ரேமை இரட்டித்துச் சமாளிக்க வழி உண்டு.

பிளேஸ்டேஷன் 4 மட்டுமே வீட்டில் இருக்கிறது, மாற்றும் எண்ணம் இல்லை என்றால் இதெல்லாம் உங்களுக்கு வேண்டாம். 60 ஹெர்ட்ஸ் டிவியில் கேம் மோடை மறக்காமல் போட்டாலே தாமதத்தில் பெரிய பகுதி போய்விடும். 144, 165 என்று இப்போது வரும் டிவிகள் கம்ப்யூட்டர் இணைப்பவர்களுக்கானவை. கன்சோல்கள் 120-லேயே நின்றுவிடும்.

அட்டைப்பெட்டியில் இருக்கும் எண்

எழுதியிருக்கும் எண் எல்லாம் பேனலின் எண் அல்ல. மோஷன் ரேட், ட்ரூமோஷன், மோஷன்ஃப்ளோ எக்ஸ்ஆர் என்ற பெயர்களுக்குப் பின்னால் 120, 240, 960 என்று வந்தால், அவை எம்இஎம்சி, பேக்லைட் மினுக்கல் எல்லாவற்றையும் சேர்த்து கம்பெனி தானே போட்டுக்கொண்ட மதிப்பெண். மோஷன் ரேட் 120 என்று எழுதிய பல டிவிகளின் பேனல் 60தான். நேட்டிவ் ரெஃப்ரெஷ் ரேட் என்ன என்று கேளுங்கள். விற்பனையாளர் தடுமாறினால் மாடல் எண்ணை வைத்து கம்பெனியின் தளத்தில் பாருங்கள்.

இதைவிடச் சாமர்த்தியமானது டிஎல்ஜி. டூயல் லைன் கேட் என்பதன் சுருக்கம். 60 ஹெர்ட்ஸ் 4கே பேனலில் 2,160 வரிகள் இருக்கின்றன. ஒவ்வொரு வரியாக எழுதாமல், அடுத்தடுத்த இரண்டு வரிகளிலும் ஒரே தகவலை ஒரே நேரத்தில் எழுதினால் வேலை பாதி நேரத்தில் முடியும். 120 முறை புதுப்பிக்கலாம். இதற்குப் பதிலாக நாம் இழப்பது பாதி நுணுக்கம்: மேலிருந்து கீழாக 1,080 வரிகளுக்கான விவரம்தான் மிஞ்சும். கேமில் எழுத்துகளின் ஓரம் கரடுமுரடாகத் தெரிந்தால் இதுதான் காரணமாக இருக்கும். மோசடி என்று சொல்ல மாட்டேன், மலிவு விலையில் கேம் விளையாடும் மாணவனுக்கு உண்மையிலேயே உதவும் ஏற்பாடு. ஆனால் உண்மையான 120-க்குக் கொடுக்கும் விலையை இதற்குக் கொடுக்கக் கூடாது. விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்து, கேம் மோடில் மட்டும் 120 என்று சிறிய எழுத்தில் இருந்தால் டிஎல்ஜியா என்று விசாரியுங்கள்.

சரி, வாங்கலாமா?

சேனல், ஓடிடி, யூடியூப் மட்டும் பார்க்கும் வீட்டுக்கு நான் 120-க்காகத் தனியாகப் பணம் கொடுக்கச் சொல்ல மாட்டேன். அதே தொகையில் ஒரு சைஸ் பெரிய டிவி வாங்கினால் தினமும் தெரியும். லோக்கல் டிம்மிங் (இருட்டான இடத்தில் மட்டும் பின்வெளிச்சத்தைக் குறைப்பது) உள்ள, வெளிச்சம் அதிகம் தரும் மாடலுக்குப் போனால், பகலில் ஜன்னல் திறந்திருக்கும் ஹாலில் படம் வெளிறாமல் இருக்கும், இரவுக் காட்சியில் கறுப்பு சாம்பலாகத் தெரியாது. இரண்டும் வேண்டாமென்றால் ஒரு சவுண்ட்பார். 43 அங்குலத்தில் பெரும்பாலான மாடல்கள் 60 ஹெர்ட்ஸாகவே இருக்கும், அந்த சைஸில் கவலையே வேண்டாம்.

ஒரு விஷயம் மட்டும் குழப்பும். 120 ஹெர்ட்ஸ் டிவி வாங்கிய நண்பர், எல்லாமே அருமையாக இருக்கிறது என்று சொல்வார். அதுவும் உண்மையாக இருக்கும். கம்பெனிகள் உண்மையான 120 பேனலைத் தங்கள் மேல்தட்டு மாடல்களில் போடுகின்றன. அங்கே நல்ல பிராசஸர், நல்ல பேக்லைட், அகன்ற வண்ணம் எல்லாம் கூடவே வந்துவிடும். நண்பர் ரசிப்பது பெரும்பாலும் அவற்றைத்தான், பேர் வாங்குவது ஹெர்ட்ஸ். ஓலெட்டில் சில விலை குறைந்த மாடல்கள் தவிர மற்றவை எப்படியும் 120 அல்லது அதற்கு மேல்தான். ஆகவே உங்கள் பட்ஜெட் ஏற்கனவே அந்த உயரத்தில் இருந்தால் இந்தக் கேள்வியே எழாது, 120 தானாக வரும்.

வீட்டில் பிளேஸ்டேஷன் 5 இருந்தாலோ, இரண்டு வருடத்தில் வரும் என்று தெரிந்தாலோ, உண்மையான 120 பேனலுக்குப் போங்கள். அப்போது பேனலோடு பின்பக்கத்தையும் பார்க்க வேண்டும். 4கே படத்தை 120 முறை அனுப்ப எச்டிஎம்ஐ 2.1 வேகம் தேவை, பழைய 2.0-ல் 4கே என்றால் 60-தான் எல்லை. 2.1 என்று எழுதியிருப்பதை மட்டும் நம்ப முடியாது. அந்தத் தரத்தில் பல வசதிகள் கட்டாயம் அல்ல என்பதால், 120 தராத டிவியும் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். போர்ட்டுக்குப் பக்கத்தில் 4கே 120 ஹெர்ட்ஸ் என்றே அச்சடித்திருக்கிறதா என்று பாருங்கள். பல டிவிகளில் நான்கு போர்ட்டில் இரண்டுதான் அப்படி இருக்கும். அந்த இரண்டில் ஒன்று பல நேரம் இஏஆர்சி போர்ட்டாகவும், அதாவது சவுண்ட்பாருக்கு ஒலியை அனுப்பும் போர்ட்டாகவும், இருக்கும். சவுண்ட்பாரை அதில் சொருகிவிட்டால் கன்சோலுக்கு மிஞ்சுவது ஒன்றே ஒன்று. வீட்டில் கன்சோலும் கேமிங் லேப்டாப்பும் இரண்டும் இருந்தால், வாங்கும் முன்பே எது எதில் போகும் என்று எண்ணிப் பார்த்துவிடுங்கள். டிவியைச் சுவரில் மாட்டிய பிறகு பின்னால் கைவிட்டுக் கேபிள் மாற்றுவது பெரிய வேலை.